தோப்ரியின் கோப்பையில் இருந்தது

எங்கள் தொல்னி ப்ரோத் ஊரில் தோப்ரி கானெவைத் தெரியாதவர் கிடையாது. மலையைச் சுற்றி லோவெச் வரை போகும் பேருந்தை முப்பது வருடம் ஓட்டியவர். சாலையைப் பார்த்ததைவிடத் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பயணிகளைப் பார்த்ததுதான் அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். யார் சீட்டு வாங்காமல் பின்பக்கம் ஒதுங்குகிறார், யார் கூடைக்குள் துணியைப் போட்டு மூடிக் கோழி கொண்டுவருகிறார், எல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஓய்வு பெற்ற அன்று கண்ணாடியைப் பேருந்திலேயே விட்டுவிட்டார். பார்வையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

நான் அவருக்கு அடுத்த வீட்டுக்காரன். மெத்தோதி என்று பெயர். என் ப்ளம் மரம் அவர் பக்கம் சாய்ந்தால், வேலியை நகர்த்த நான் போடும் திட்டம் என்பார். சாயாமல் நின்றால், அவருக்குப் பழம் போய்விடக் கூடாதென்று கிளையை நான் இழுத்துக் கட்டியதாகச் சொல்வார். எனக்குக் கோபம் வந்ததில்லை. சிலருக்கு மூட்டுவலி இருப்பதுபோல் அவருக்குச் சந்தேகம் இருந்தது. மழைநாளில் கொஞ்சம் அதிகமாகும், அவ்வளவுதான்.

முதல் மனைவி போய்ச் சேர்ந்தபின் பல வருடம் தனியாகவே கிடந்தார். ரொட்டி, சாசேஜ், ஜாடியில் அடைத்த மிளகாய் விழுது, மாலையானால் தானே காய்ச்சிய ரக்கியா சாராயம். இதுதான் அவர் சாப்பாடு. பிறகு ஓர் இலையுதிர்காலத்தில், எங்கள் எல்லோர் வாயையும் அடைத்துவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றார்.

பெண்ணின் பெயர் கெர்கினா. வெந்நீர் ஊற்றுகள் இருக்கும் மலைக் கிராமத்துக்காரர். அங்கே ஆரோக்கிய இல்லத்தின் சமையலறையில் வேலை பார்த்தவர். அகலமான முகம், வலுவான கை, யாரையும் நேராகப் பார்க்கும் பார்வை. நான் அவரை அக்கா என்று கூப்பிடத் தொடங்கினேன். ஏற்கெனவே இரண்டு கணவர்களைப் புதைத்தவர் என்ற செய்தி அவருடைய செப்புப் பாத்திரங்கள் வந்து இறங்குவதற்கு முன்பே தெருவுக்கு வந்துவிட்டது. அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர் தோப்ரி அண்ணனின் மூத்த சகோதரி தோத்தா.

முதல் கணவரின் நினைவு நாள் வந்தபோது, எங்கள் பக்கத்து வழக்கப்படி கெர்கினா அக்கா அவர் படம் போட்ட அஞ்சலித் தாளை அண்ணன் வீட்டு வாசற்கதவில் ஒட்டினார். கையோடு இரண்டாம் கணவருடையதையும் பக்கத்தில் ஒட்டினார்.

"இது என் வீட்டுக் கதவு" என்றார் அண்ணன்.

"இப்ப என் வீடும்தான். செத்தவங்ககிட்ட வாடகை கேக்கப் போறியா?"

மறுநாள் தோத்தா வந்து கதவின் முன் நின்று, கைத்தடியால் தாள்களைக் காட்டினார். "டேய் தோப்ரி, நல்லாப் பாரு. ரெண்டையும் இந்த ஓரமா ஒட்டியிருக்கா. அந்தப் பக்கம் எதுக்குடா காலியா விட்டிருக்கா?"

அந்தக் காலியிடம் அன்றிலிருந்து அண்ணனின் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

குளிர்காலத்தில் கெர்கினா அக்கா முதலில் சாசேஜை நிறுத்தினார். அதன் இடத்தில் அவரைக் கஞ்சி, தயிர், வேகவைத்த பூசணி வந்தன. காலையில் எழுந்ததும் நிலவறைப் பீப்பாயிலிருந்து புளித்த முட்டைக்கோஸின் உப்புத் தண்ணீர் ஒரு கோப்பை. அதை எங்கள் ஊரில் எல்லோரும்தான் குடிப்போம், முந்தின இரவு ரக்கியா கொஞ்சம் மிஞ்சிப்போனால். மிஞ்சாத நாளிலும் குடிக்கச் சொன்னதுதான் அண்ணனை உறுத்தியது.

"எதுக்கு இது?"

"உள்ள சேந்த கசடு போக. அடுப்பு எரிஞ்சா சாம்பல் விழுமா விழாதா? உடம்பு தானே அள்ளி வெளிய கொட்டும், தோப்ரி. நாம வழிய மறிக்காம இருக்கணும். நீ இத்தன வருஷமா கொழுப்பப் போட்டு வழிய அடைச்சு வச்சிருக்க."

"என் உடம்புல ஒரு கசடும் கிடையாது. இந்த வயசு வரைக்கும் ஒரு மாத்திரை முழுங்கினதில்ல நான். கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னேன்ல?"

"சொன்ன, சொன்ன" என்றார் அக்கா. அந்த 'சொன்ன' அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கும் அது என்னவோபோல்தான் இருந்தது.

பனி கரைந்து தவக்காலம் தொடங்கியதும் சமையலறை முழுக்கப் பச்சையாயிற்று. அக்கா கையுறை போட்டுக்கொண்டு பழைய மாவாலைக்குப் பின்னால் போய்க் காஞ்சொறிக் கொழுந்தைக் கூடை கூடையாகப் பறித்து வருவார். ஓடைக்கரைப் புளிப்பிலை, புல்வெளியில் மஞ்சள் பூப் பூக்கும் கசப்புக் கீரை, தேனில் ஊறிய கறுப்பு முள்ளங்கி, உலர்ந்த ஆப்ரிகாட் பழக் கஷாயம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சாறு. பீட்ரூட்டையும் காஞ்சொறியையும் அரைத்துத் துணியில் பிழிந்து, பெரிய ஜாடி நிறைய. கருஞ்சிவப்பாக இருக்கும். அதை அண்ணனுக்கு மட்டும்தான் கொடுத்தார்.

"நீ குடிக்கலையா?" என்று கேட்டிருக்கிறார் அண்ணன்.

"எனக்கு எதுக்கு? எனக்கு ஈரல் நல்லா இருக்கு."

"எனக்கு நல்லா இல்லன்னு யார் சொன்னா?"

"கண்ணாடியில உன் கண்ணப் பாரு. மஞ்சளா கெடக்கு."

கெர்கினா அக்கா வார்த்தையை அளந்துதான் பேசுவார். அதனாலேயே அவர் சொல்லாமல் விட்டது எதுவோ இருக்கிறது என்று தோன்றும். அண்ணன் அன்று கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றாராம். மஞ்சள் அவருக்குத் தெரியவில்லை. இல்லாத மஞ்சளை மனைவி ஏன் சொல்கிறாள் என்பதுதான் தெரிந்தது.

சாறு ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் அவருக்குக் கால் தளர்ந்தது. நடை பழைய நடையாக இல்லை. கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும்போது பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து நிற்பார். விரல் நுனியில் எறும்பு ஊர்கிறது என்பார். தோத்தாவுக்கு விஷயம் எட்டியதும் கைத்தடி வந்துவிட்டது.

"அந்த ரெண்டாவது ஆளு, இல்சோ, அவனும் இப்படித்தான்டா. மொதல்ல காலு. அப்புறம் கட்டிலு. அப்புறம் கதவுல தாளு."

"சும்மா இரு அக்கா."

"நான் சும்மா இருக்கேன். நீ சும்மா ஆயிடாத."

அண்ணன் சோதனை செய்யத் தீர்மானித்தார். பேருந்துக்காரர் அல்லவா, பிரேக்கைப் பார்க்காமல் வண்டி எடுக்க மாட்டார். முதலில் காஞ்சொறிச் சூப்பில் ரொட்டியை நனைத்துச் சேவலுக்குப் போட்டார். சேவல் தின்றுவிட்டு முன்னைவிடச் சத்தமாகக் கூவியது. அடுத்த நாள் இன்னும் கேட்டு வாசலில் வந்து நின்றது. வேறு யாராக இருந்தாலும் அதோடு மனசு ஆறியிருக்கும். அண்ணனோ, சூப்பில் ஒன்றும் இல்லை என்றால் சாற்றில்தான் இருக்கிறது என்று முடிவுகட்டினார்.

அதனால் சாற்றைக் குடிப்பதுபோல் பாவனை செய்து, அக்கா திரும்பும் நேரம் பார்த்து ஜன்னலோர ஜெரேனியத் தொட்டியில் ஊற்றினார். கீரையையும் தட்டின் ஓரம் ஒதுக்கி, பசியில்லை என்றார். ஒரு வாரத்தில் கால் பலம் வந்தது. பாலத்தில் நிற்காமல் நடந்தார். மறுபடி சில நாள் ஒழுங்காகக் குடித்துப் பார்த்தார். கால் மறுபடி துணிபோல் தொங்கியது.

அன்று மாலை வேலியோரம் என்னைக் கூப்பிட்டார். நான் கிளை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"மெத்தோதி, பக்கத்துல வா. சத்தம் போடாத. அவ என்னக் கொல்றா."

"என்ன அண்ணே, குடிச்சிருக்கியா?"

"எங்க குடிக்க விடுறா? கேளுடா. குடிச்சா விழறேன். குடிக்காட்டி எந்திரிக்கிறேன். ரெண்டு தரம் பாத்துட்டேன். இதுக்கு மேல என்ன வேணும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் முழுசாக வரவில்லை. அவர் மரத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் கற்பனை. இதுவோ கண்ணுக்கு முன்னால் நடப்பது. அவர் நடப்பதையும் தளர்வதையும் நானே பார்த்திருந்தேன்.

"எதுக்குக் கொல்லணும்? உன்கிட்ட என்ன இருக்கு?"

"வீடு இருக்குல்ல? அந்த மஸ்க்விச் கார் இருக்குல்ல?"

அந்தக் கார் பல வருடமாக நகர்ந்ததே இல்லை. ஆனாலும் தினம் விடிந்ததும் கராஜைத் திறந்து உள்ளே போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பூட்டிக்கொண்டு வருவார். சாவியைக் கழுத்தில்தான் தொங்கவிட்டிருப்பார். வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்பார்.

அதற்கு மறுநாள் கெர்கினா அக்கா ஒரு தட்டில் பனித்சா என்னும் மடிப்பு ரொட்டி கொண்டுவந்து கொடுத்தார். பாலாடைக்கட்டிக்குப் பதிலாகத் தவக்காலப் பூசணி வைத்துச் சுட்டது, ஆவி பறந்தது. வயிறு சரியில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அக்கா தட்டையும் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார். "நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு உன் வயிறு" என்றார். அந்த வாரத்தில் எங்கள் தெருவில் பலருக்கும் வயிறு சரியில்லாமல் போயிற்று. தோத்தா ஒவ்வொரு வாசலிலும் கொஞ்ச நேரம் நின்று போயிருந்தார்.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு அவர்கள் வீட்டில் பாத்திரச் சத்தம் கேட்டது. ஜன்னல் திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது. கேட்காத மாதிரி மண்வெட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"மொதல்ல நீ குடி" என்றார் அண்ணன்.

"என்ன?"

"இந்தக் கோப்பை. என் கோப்பை. நீ குடிச்சுக் காட்டு, அப்புறம் நான் குடிக்கிறேன்."

பிறகு அக்கா மடமடவென்று குடிக்கும் சத்தம். கோப்பை மேசையில் பொத்தென்று விழுந்தது.

"குடிச்சாச்சு. போதுமா? ஜாடியையும் காலி பண்ணவா?"

"உனக்குப் பழகியிருக்கும்" என்றார் அண்ணன். "கொஞ்சம் கொஞ்சமா தின்னுப் பழகினா ஒண்ணும் செய்யாதாம்."

"யோவ், நீ மனுஷனா? நாலு மணிக்கு எந்திரிச்சு முள்ளுல கையக் கொடுத்துப் பறிச்சிட்டு வர்றேன். யாருக்குய்யா இது? எனக்கா?"

"அதத்தான் நானும் கேக்கறேன். எதுக்கு இவ்வளவு பாடு?"

கதவு அறைந்து சாத்தப்பட்டது. ஆனால் அண்ணன் அன்று சாற்றைக் குடித்துவிட்டார். மனைவி குடித்துக் காட்டியபின் குடிக்காமல் இருக்க வெட்கமாக இருந்தது என்று பின்னால் சொன்னார். அடுத்த நாட்களிலும் வீம்புக்குக் குடித்தார். கீரையையும் தட்டு நிறையத் தின்றார்.

பெரிய வெள்ளிக்கு முதல் நாள், மதியம், விறகு பிளக்கப் போனவர் கோடரியை ஓங்கியபடியே முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். கோடரி பக்கத்தில் விழுந்தது. நான் வேலியைத் தாண்டிக் குதித்தேன். அக்கா சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தார். அண்ணனின் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. நாடியைப் பிடித்தேன். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு பாட்டே பாடிவிடலாம் போலிருந்தது.

என் பழைய லாடா காரின் பின்சீட்டில் ஏற்றினோம். அக்கா கதவைப் பூட்டப் போன நேரத்தில் அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஜாடி... மெத்தோதி, ஜாடிய எடுத்துட்டு வா. டாக்டர்கிட்ட கொடு. அவ கொட்டிடுவா."

நான் போய் எடுத்துவந்தேன். அக்கா அதைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. ஜாடி முன்சீட்டில் என் பக்கத்தில் இருந்தது. மருத்துவமனை போகும்வரை மூன்று பேர் கண்ணும் அடிக்கடி அதன்மேல்தான் போயிற்று.

மருத்துவமனையில் டாக்டர் லாலோவா இருந்தார். இளவயதுப் பெண், அதட்டலான குரல். நெஞ்சில் கம்பிகளை ஒட்டி ஈசிஜி எடுத்தார். அதைப் பார்த்ததும் நர்சைக் கூப்பிட்டு ஊசிகள் போட்டார், பாட்டில் ஏற்றினார், ரத்தம் எடுத்து அனுப்பினார். ஆபத்து கொஞ்சம் விலகியபின்தான் எங்களைக் கட்டிலருகே விட்டார்.

"என்ன மாத்திரை சாப்பிடுறீங்க மாமா?"

"ஒண்ணுமில்ல."

"ரத்த அழுத்தத்துக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா. இந்த ஜாடியப் பாருங்க. இதுல என்ன இருக்குன்னு பாருங்க."

டாக்டர் மூடியைத் திறந்து முகர்ந்தார். "பீட்ரூட். காஞ்சொறி. கொஞ்சம் எலுமிச்ச. வேற என்ன இருக்கணும்?"

அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமா, இங்க கவனிங்க" என்றார் டாக்டர். "உங்க ரத்தத்துல பொட்டாசியம்ங்கற உப்புச்சத்து எக்கச்சக்கமா ஏறியிருக்கு. இதயம் நின்னிருக்கும். வெறும் கீரை தின்னதால மட்டும் இவ்வளவு ஏறாது. சில மாத்திரை அந்தச் சத்த வெளிய போகவிடாம பிடிச்சு வைக்கும். நீங்க ஏதோ சாப்பிடுறீங்க. அது என்னன்னு சொல்லாட்டி நான் கண்ணக் கட்டிக்கிட்டு வைத்தியம் பாக்கணும். அப்புறம் உங்க பாடு."

அண்ணன் கூரையைப் பார்த்தார். முப்பது வருடம் மற்றவர்களின் திருட்டுத்தனத்தைப் பிடித்தவர், சீட்டில்லாமல் பிடிபட்ட பயணிபோல் விழித்தார். கடைசியில் கழுத்திலிருந்த சாவியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"கராஜு. கருவிப் பெட்டி. ஸ்பேனருக்குக் கீழ."

அவருக்குப் பல வருடமாக ரத்த அழுத்தம் இருந்தது. லோவெச்சில் பட்டாளத்துச் சிநேகிதர் ஒருவர் டாக்டராக இருந்தார். அவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை அங்கேயே வாங்கிக்கொண்டு வந்து தினமும் கராஜில் ஒன்று விழுங்கினார். குளிர்காலத்தில் அந்த உப்புத் தண்ணீரைக் குடிக்கத் தொடங்கியபின் தலை கனத்ததாம். யாரையும் கேட்காமல் மாத்திரையை நாளுக்கு இரண்டாக்கிக்கொண்டாராம்.

டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். "உடம்பச் சுத்தம் பண்றது ஈரலும் சிறுநீரகமும். நல்ல சாப்பாடு கொடுத்தா அதுங்க வேலைய அதுங்களே பாக்கும். கீரை நல்லதுதான். ஆனா உங்க சிறுநீரகம் வயசானது, மெதுவாத்தான் வேல செய்யும். அதுல நீங்க ரெண்டு மாத்திரையப் போட்டு வாசல அடைச்சிட்டீங்க. அத்தை தினம் ஜாடி ஜாடியா உள்ள அனுப்பியிருக்காங்க. எங்க போகும் அது? அத்தை, இவரு மாத்திரை சாப்பிடுறாருன்னு தெரிஞ்சிருந்தா இதக் கொடுத்திருப்பீங்களா?"

"ஆரோக்கிய இல்லத்துல மாத்திரை என்னன்னு பாக்காம நான் யாருக்கும் ஒரு கரண்டி சூப் ஊத்தினதில்ல" என்றார் அக்கா. பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை.

"இல்சோவும் இதத்தான் சொன்னான். ஒரு மாத்திரை முழுங்கினதில்லன்னு. கல்யாணம் ஆன கொஞ்ச நாள்ல படுத்துட்டான். ரெண்டு வருஷம் தூக்கிக் கழுவினேன். அவன் செத்த பெறகுதான் அவன் தங்கச்சி சொன்னா, நோவு தெரிஞ்சேதான் கட்டிக்கிட்டானாம். நர்சு வச்சா சம்பளம் கொடுக்கணும்ல?"

"கெர்கினா..."

"பேசாத. நீ தெனம் கராஜுக்குப் போனப்ப, உள்ள ரக்கியா இருக்குன்னு நெனச்சேன். ஈரல் போயிருச்சு, மறைக்கிறான், இன்னொரு இல்சோன்னு நெனச்சேன். அதான் அந்தச் சாறு. விழறதுக்கு முன்னாடியே நிமித்திடலாம்னு. நான் உன்னக் கொல்றேன்னு நீ நெனச்ச. நீ என்ன வேலைக்காரியா கூட்டிட்டு வந்தன்னு நான் நெனச்சேன். நெனச்சதுல ஒருத்தராவது வாயத் திறந்து கேட்டோமா?"

அண்ணன் மறுநாள் தேறினார். ஈஸ்டரன்று காலை அக்கா பண்டிகைக்குச் சிவப்புச் சாயமிட்ட முட்டை இரண்டை அவர் கட்டிலோரம் வைத்துவிட்டு, என்னிடம் சொல்லிக்கொண்டு பேருந்து ஏறினார். போகும் முன் வாசற்கதவில் இருந்த தாள்களைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு, கிழியாமல் உரித்து எடுத்துப் போனார். அண்ணன் வீடு திரும்பியபோது கதவு முழுவதும் காலியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். தோத்தா வந்து, "தொலைஞ்சாளா? கடவுளுக்கு நன்றி சொல்லுடா" என்றார். அண்ணன் தன் அக்காவின் கைத்தடியைக் கையில் வாங்கி, தெருப்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு, "நீயும் போய் எடுத்துக்க" என்றார். அவர்களுக்குள் அந்தக் கோடை முழுவதும் பேச்சு இல்லை.

மே மாதம் அண்ணன் மலைக் கிராமத்துக்குப் போனார். தான் ஓட்டிய பேருந்திலேயே பயணியாக ஏறி, பிறகு இரண்டு இடத்தில் வண்டி மாறி. அங்கே நடந்ததை இருவரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போன இடங்களை மட்டும் சொல்கிறேன்.

அக்கா வெங்காயப் பாத்திக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஒரு பையிலிருந்த மாத்திரைகளை முற்றத்து மேசையில் கொட்டினார்.

"இவ்வளவுதான். இப்ப லாலோவா எழுதினது. பழசு இல்ல."

"வேற என்ன மறைச்ச?"

"வேற ஒண்ணும் இல்ல."

அக்கா களைக்கொத்தியை நட்டுவைத்து அதன்மேல் கையை ஊன்றி நின்றார். "தோப்ரி, அடுத்த பஸ் நாலரைக்கு."

அண்ணன் உட்கார்ந்தார். "இடது காது கேக்காது. அந்தப் பக்கம் நின்னு நீ பேசினதுக்கெல்லாம் சும்மா சரி சரின்னேன்."

"அது தெரியும். அப்புறம்?"

"சேவலுக்கு உன் சூப்பப் போட்டேன்."

"போட்டு?"

"நல்லாத்தான் இருந்துச்சு சேவல்."

"அப்புறம்?"

"சாற ஜெரேனியத்துல ஊத்தினேன்."

அதுவரை அமைதியாக இருந்த கெர்கினா அக்கா அப்போதுதான் கொதித்தாராம். "அடப்பாவி! அந்தச் செடி அழுகினது உன்னாலயா? எங்க அம்மா வீட்டுக் கிளைய்யா அது! வெயில் பத்தலன்னு ஜன்னல் ஜன்னலா தூக்கிட்டு அலைஞ்சேனே!" அண்ணன் சொல்லும்போது, அந்த நேரம் மருத்துவமனைக் கட்டிலே பரவாயில்லை என்று இருந்தது என்றார்.

கத்தி ஓய்ந்தபின் அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தார். "நானும் ஒண்ணு சொல்லணும். உன் கராஜ் பூட்ட ஒரு தரம் கம்பி விட்டுத் திறக்கப் பாத்தேன். வரல."

"தெரியும். பூட்டுல கீறல் இருந்துச்சு. நான் மெத்தோதின்னு நெனச்சேன்."

இந்த ஓரிடத்தில் எனக்கு வருத்தம்தான். ஆனால் சொல்லியாயிற்று.

அன்று நாலரைப் பேருந்தில் அண்ணன் தனியாகத்தான் திரும்பினார். அக்கா உடனே வந்துவிடவில்லை. வெங்காயம் முடியட்டும் என்றார். நடுவில் ஒரு தரம் வந்து, டாக்டர் லாலோவாவிடம் தனியாகப் போய், எது எவ்வளவு கொடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று கேட்டுக்கொண்டு அப்படியே திரும்பிவிட்டார். அண்ணனை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஜூலையில்தான் செப்புப் பாத்திரங்கள் மறுபடி இறங்கின. வந்த அன்றே எனக்குப் பனித்சா வந்தது. நான் தின்று முடிக்கும்வரை அக்கா கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றார். இன்னொன்று வைத்தார். மூன்றாவதும் வைத்தார். வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டார். நல்லா இருக்கு அக்கா என்றேன்.

அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் அவர்கள் மாறிவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். காலையில் மாத்திரை விழுங்கியபின் அண்ணன் நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். அக்கா அவர் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். அண்ணன் தன் பங்குக்கு, மனைவி கீரையை வேகவைத்து, தண்ணீரை வடித்து, டாக்டர் சொன்ன அளவில்தான் போடுகிறாளா என்று பாத்திரத்துக்குள் எட்டிப் பார்ப்பார். சாறு கிடையாது. பூசணியும் தயிரும் அவரையும் முட்டைக்கோஸும் உண்டு. சாசேஜ் ஈஸ்டருக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று. அண்ணன் இப்போது பாலத்தில் நிற்பது மீன் பார்க்க மட்டும்தான்.

போன வாரம் சந்தைக்கு மூவரும் சேர்ந்து போனோம். சர்ச்சுக்கு முன்னால் வெள்ளைக் கோட்டுப் போட்ட இளைஞன் ஒருவன் மேசை விரித்து, பச்சைப் பொட்டலங்கள் விற்றுக்கொண்டிருந்தான். சுற்றிலும் நல்ல கூட்டம்.

"இயற்கை மூலிகைங்க. ரெண்டே வாரத்துல ஈரல் சுத்தம், ரத்தம் சுத்தம், உள்ள இருக்கிற நஞ்சு எல்லாம் காலி!"

அண்ணன் ஒரு பொட்டலத்தை எடுத்து வெயிலில் உயர்த்திப் பார்த்தார். பேருந்தில் கள்ள நோட்டைப் பார்க்கும் அதே பார்வை. "என்ன நஞ்சுப்பா?"

"எல்லா நஞ்சும்தாங்க."

"எல்லாம்னா? பேரு சொல்லு."

"இதுல என்ன மூலிகை?" என்று அக்கா மறுபக்கத்திலிருந்து கேட்டார். "எந்தக் காட்டுல பறிச்ச? எந்த மாசம்?"

"அது... கம்பெனி பறிக்கிறாங்கம்மா."

"ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுறவரு இதத் திங்கலாமா?"

"தாராளமா! இயற்கைதானே, ஒண்ணும் பண்ணாது."

அண்ணனும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் பொட்டலத்தைப் பிரித்தார்; பையன் பதறினான். அக்கா ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்து முகர்ந்தார். அண்ணன் நல்ல காதைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தார்.

"காஞ்சொறிதான்" என்றார் அக்கா. "போன வருஷத்துது. பாதிக்கு மேல வைக்கோல்."

"கோட்டு யாருதுப்பா?" என்று அண்ணன் பையனிடம் கேட்டார். "கறிக்கடைக்காரன் கோட்டு மாதிரி இருக்கே?"

கூட்டம் சிரித்தது. பையன் மேசையை மடக்கத் தொடங்கினான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர்கள் இருவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. அக்கா கையைத் தட்டிவிட்டு முள்ளங்கிக் கடைப் பக்கம் நடந்தார். அண்ணன், எடை போடுபவரின் தராசைப் பார்த்துக்கொள்ள, பின்னாலேயே போனார்.